துக்க வருஷத்தில் ஒரு பேய்ப்படம்

காளி பூஜைக்கு முந்தின மாலை, வங்காளத்தில் எங்கள் டாலிகஞ்ச் சந்தில் வெள்ளைத் துணி கட்டிப் பேய்ப்படம் போடுவார்கள். வருஷா வருஷம் அதே கறுப்பு வெள்ளைப் படம்தான். பேய்ப்படங்களைக் கிண்டல் செய்து, பக்கத்து ஸ்டுடியோவில் எந்தக் காலத்திலோ எடுத்தது. நம்மூர்ப் படங்களில் செத்தவள் பழிவாங்க வருவாள். இதில் செத்துப்போன மனைவி, புருஷன் ஒழுங்காகச் சமைக்கிறானா என்று பார்க்க வருகிறாள். வந்த இடத்தில் மந்திரவாதியைப் பார்த்து அவளே அலறுகிறாள். செத்தவர்கள் அன்றைக்கு வீட்டுக்கு வருவார்கள் என்று பதினாலு விளக்கு ஏற்றுகிற ஊர் இது. இவர்களுக்கு இந்தப் படம் அலுக்காததில் ஆச்சரியமில்லை.

ரயில்வே வேலைக்காகத் திருநெல்வேலியிலிருந்து வந்த புதிதில் எனக்கு ஒரு எழவும் புரியவில்லை. என் மனைவி வடிவுக்குத்தான் பிடித்துப்போனது. பாஷை தெரியாமலே விழுந்து விழுந்து சிரித்தாள். அந்தப் படத்தை வைத்தே வங்காளம் பழகினாள். இந்தச் சித்திரையில் காய்ச்சலென்று ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பவில்லை. அதற்குப் பிறகு எங்கள் பத்து வயது மகள் வள்ளி சிரித்து நான் பார்க்கவில்லை.

துக்க வருஷத்தில் தீபாவளி கிடையாது, விளக்கும் சிரிப்பும் கூடாது என்று ஊரிலிருந்து அண்ணன் போனில் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். இதை அவர் படித்தால் படிக்கட்டும். பௌதி என்று நாங்கள் கூப்பிடும் எதிர்வீட்டு அண்ணி, என்னை அண்ணன் முறையில் தாதா என்பவள், படத்துக்கு அழைக்க வந்தபோது, "இந்த வருஷம் எங்களுக்குப் பண்டிகை இல்ல" என்றேன்.

"பண்டிகை நாளைக்குத்தானே தாதா? இன்னிக்கு அவ வர்ற நாள். கதவச் சாத்திட்டு உக்காந்தா எப்படி வருவா?"

அவள் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினேன். அவ்வளவு கோபம்.

"அம்மா பாக்கிற படம்லாப்பா," என்றாள் வள்ளி. அதற்கு மேல் என்னால் மறுக்க முடியவில்லை.

கடைசி வரிசையில் நின்றோம். பேய் மனைவி மீன் சட்டியை முகர்ந்து பார்த்து, "செத்தது நான்தான், என் மூக்கு இல்ல!" என்று கத்த, சந்தே சேர்ந்து கத்தியது. வள்ளியும் கத்தினாள், அவள் அம்மா மாதிரியே இடுப்பில் கை வைத்து, அதே நெல்லை இழுப்பில். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

அப்போது பார்த்து அண்ணன் போன்.

"ஏல, அங்க என்ன சிரிப்புச் சத்தம்?"

"பக்கத்து வீட்டுல, அண்ணே."

"நம்ம புள்ள சத்தம் மாதிரில்லா இருக்கு?"

"அவ தூங்கிட்டா."

போனைக் கையால் பொத்தினேன். வள்ளியைச் சிரிக்காதே என்று சொல்ல வாய் வரவில்லை. என் உள்ளங்கைக்குள் அண்ணன் "ஏல, ஏல" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். பக்கத்தில் என் பெண் அவள் அம்மாவோடு படம் பார்த்துக்கொண்டிருந்தாள்.