பின்பக்கத்துக்கும் மை

எல்ஸிக்கு ஓர் இடத்தில் நிலையாக உட்காரத் தெரியாது. அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த வேலையோ, காலை எட்டிலிருந்து மாலை ஐந்துவரை மேசையை விட்டு எழாமல் மை பூசுவது. ஈப்போவில் வெளிநாட்டுப் பத்திரிகைகளை வரவழைத்து விற்கும் ஒரு கடையின் மாடி அது. பத்திரிகைகள் கட்டுக்கட்டாக வந்து இறங்கும். கூடவே அரசாங்க மேலிடத்திலிருந்து ஒரு பட்டியலும் வரும்: இத்தனையாம் பக்கத்தில் இந்தப் படம், இந்த ஐந்து வரி. அவற்றை எல்லாப் பிரதியிலும் கறுப்பு மையால் மூடிய பிறகுதான் வெளியே அனுப்பலாம். மேசையில் நான்கு பெண்கள். எல்ஸியின் கைதான் வேகம். கால் ஆடிக்கொண்டே இருப்பதால் மேசையும் சேர்ந்து ஆடும். பக்கத்தில் இருக்கும் முத்தம்மா பிரஷ்ஷைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு திட்டுவார்.

நான் அந்தக் கடையின் வேன் டிரைவர். மை காய்ந்த பத்திரிகைகளைத் தெற்கே சிலிம் ரிவர், தஞ்சோங் மாலிம் வரை கொண்டு போய்ப் போட்டுவிட்டு, விற்காததைத் திருப்பி எடுத்து வருவேன். எனக்கு இந்த மை பூசுகிற வேலையைக் கண்டாலே எரிச்சல். எதைப் படிக்கலாம் எதைப் படிக்கக் கூடாது என்று எனக்கு இன்னொருவன் சொல்வதா? தஞ்சோங் மாலிம் சாப்பாட்டுக் கடையில் துணியில் பெட்ரோல் தொட்டு மையைத் துடைத்துப் பார்ப்பார்கள். மையோடு எழுத்தும் வந்துவிடும். அப்புறம் அரசாங்கத்தை ஒரு மூச்சு திட்டிவிட்டுக் கோப்பி குடிப்பார்கள். நானும்தான்.

எல்ஸிக்கு என் பேச்சு பிடிக்காது. உலகம் முழுக்கத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று துடிக்கிறவள்தான். நிலாவில் நடந்தவனைப் பற்றியும் இதயம் மாற்றிய டாக்டரைப் பற்றியும் மணிக்கணக்கில் பேசுவாள். ஆனால் மை விஷயத்தில் அவள் கட்சி வேறு. "துணியில்லாத பொம்பளையையும் கலவரத்தக் கெளப்புற பேச்சையும் மூடினா யாருக்கு நட்டம்லா அண்ணே? நல்ல விஷயத்த யாரு போயி மூடுறா?" என்பாள்.

சொல்வது அப்படி. செய்வது வேறு. பட்டியலில் என்ன இருக்கிறதோ அதை மட்டும் ஒரு வரி விடாமல் படித்துவிட்டுத்தான் பூசுவாள். மூடச் சொன்னதில்தானே சுவை. மற்ற பக்கங்களைப் புரட்ட நேரமும் கிடையாது.

மேசை வேலையை மேற்பார்க்கும் தலைமைக் கிராணி மரியஜோசப் நல்ல மனிதர், பயந்தவர். அறுபத்தொன்பது இனக்கலவரத்தின்போது கோலாலம்பூரில் இருந்தவர். அன்று பார்த்ததை யாரிடமும் சொன்னதில்லை. அவரே ஒரு சட்டம் போட்டிருந்தார். படத்தை மூடினாலும் தாள் மெலிசாக இருந்தால், வெளிச்சத்தில் பிடிக்கும்போது பின்பக்கமாக உருவம் தெரியும். அப்படித் தெரிந்தால் பின்பக்கத்துக்கும் மை பூசிவிட வேண்டும். பட்டியலில் பின்பக்கம் இருக்காது. கேட்டால், வம்பு எதற்கு என்பார்.

எல்ஸியின் ஒரே குறை அவள் நகம். மை நகக்கண்ணில் இறங்கிப் பத்து விரலும் கறுத்திருக்கும். எலுமிச்சம்பழம், மண்ணெண்ணெய் எதற்கும் அசையாது. கோயிலில் பாதிரியார் கையால் நன்மை அப்பம் வாங்கப் போகும்போது விரல்களை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டு போவாள். சிலிம் ரிவர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் இருக்கும் அக்கா டோரிஸிடம் போகும்போதெல்லாம் இதே புலம்பல். மாதத்தில் ஒரு சனிக்கிழமை என் வேனில்தான் போவாள், அதனால் எனக்கும் மனப்பாடம்.

டோரிஸ் அந்தத் தோட்டத்தில் மருந்தடிக்கிற கும்பலில் இருந்தாள். முதுகில் மருந்து நிரப்பிய தகரத் தோம்பைச் சுமந்துகொண்டு, மர வரிசைகளுக்கு நடுவே புல்லுக்கு விஷம் தெளிக்கிற வேலை. விஷத்தைத்தான் எல்லாரும் மருந்து என்றார்கள். கையுறை கிடையாது, காலில் கிழிந்த சப்பாத்து. எழுபத்தேழாம் வருடம் ஈஸ்டர் கழிந்து நாங்கள் போனபோது அவளுடைய வலது கையில் இரண்டு நகங்கள் இல்லை. மூக்கில் அடிக்கடி ரத்தம் வருவதாகவும் சொன்னாள். தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் உடல் சூடு என்று சொல்லி ஒரு மஞ்சள் தைலம் கொடுத்திருந்தார். அன்று எல்ஸி தன் நகத்தைப் பற்றிப் பேசவில்லை.

மருந்துதான் காரணம், உடனே விட்டுவிடு என்று அக்காவிடம் சண்டை போட்டாள். டோரிஸ் அசையவில்லை. வேலையை விட்டால் தோட்டம் கொடுத்த லயத்து வீடும் போகும். வேறு வேலை கேட்கலாம், ஆனால் என்ன சொல்லிக் கேட்பது? மருந்தில் ஒன்றுமில்லை என்று கும்பலை மேய்க்கும் மண்டோர் சொல்கிறார், டிரெஸ்ஸர் சொல்கிறார், படித்தவர், தோட்டத்து மேனேஜர் துரையே சொல்கிறார். தங்கச்சி சொன்னாள் என்று போய் நிற்க முடியுமா?

"நீதான் அத்தன புஸ்தகத்துக்கு நடுவுல ஒக்காந்திருக்க. எதுலயாச்சும் போட்டிருந்தா கொண்டா. துரைகிட்டயே காட்டுறேன்" என்றாள்.

அதற்குப் பிறகு எல்ஸியோடு மனுஷன் பழக முடியவில்லை. மை பூசும்போதே பக்கம் புரட்டுவாள், திட்டு வாங்குவாள். மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டுப் பழைய கட்டுகளைப் பிரிப்பாள். அறிவியல் என்று எங்கே கண்டாலும் நின்று படிப்பாள். விண்வெளி இருந்தது, இதயம் இருந்தது, சோதனைக் குழாயும் கணினியும் இருந்தன. புல்லுக்கு அடிக்கிற மருந்து மட்டும் எங்கும் இல்லை. மே மாதம் அக்காவுக்கு நான்கு நகம் போயிருந்தது. ஜூனில் ஏழு. ஒவ்வொரு முறையும் திரும்பி வரும் வழியில் அவள் கால் வேனின் தகரத்தில் தடதடவென்று அடித்துக்கொண்டே வரும். 

ஜூலையில் தஞ்சோங் மாலிமிலிருந்து விற்காத கட்டு ஒன்றைத் திருப்பிக் கொண்டு வந்தேன். பிப்ரவரி மாதத்துப் பத்திரிகை. எல்ஸி வழக்கம்போல் பிரித்துப் புரட்டினாள். அட்டையில் சிந்திய மையின் ஈரத்தில் இரண்டு பிரதிகள் ஒன்றாக ஒட்டிக்கொண்டிருந்தன. பிரித்தபோது அடியில் இருந்ததில் மையே படவில்லை. மூடச் சொன்ன தாளின் முன்பக்கத்தில் ஒரு நடனக்காரியின் படம். பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் ஒரு கட்டுரை.

அவள் கால் ஆட்டம் நின்றது. அதைத்தான் நான் முதலில் கவனித்தேன்.

அந்த மருந்தேதான், பெயர் உட்பட இருந்தது. தோலில் புண் இருந்தால் அதன் வழியே உள்ளே போகும். முதலில் நகம் கெடும், பிறகு மூக்கில் ரத்தம். உள்ளே போய்விட்டால் மாற்று மருந்து இல்லை. கையுறை இல்லாமல் தொடவே கூடாது.

கட்டில் மீதியிருந்த பிரதிகளைத் திருப்பிப் பார்த்தாள். எல்லாவற்றிலும் அந்தப் பக்கம் மேலிருந்து கீழ்வரை கறுப்பு. பிரஷ்ஷை இழுத்து ஓரத்தில் ஒரு சுழி வைத்து முடிப்பது அவள் பழக்கம், அந்தச் சுழியும் இருந்தது. நடனக்காரி படத்தின் கீழே இருந்த நாலு வரியை, மை பூசிய அன்றைக்கு அவள் எனக்கு வாசித்துக் காட்டிச் சிரித்தது எனக்கு ஞாபகம் வந்தது. பின்பக்கத்தை அவள் பார்க்கவே இல்லை. மரியஜோசப் வந்து எட்டிப் பார்த்தார். திரும்பித் தன் நாற்காலிக்குப் போனார். அவரைக் கேட்க எனக்கு ஆயிரம் இருந்தது. எல்ஸியோ எதையும் கேட்காமல் பத்திரிகையை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

சனிக்கிழமை வரை காத்திருக்கவில்லை. மறுநாளே வேனில் ஏறினாள். வழியெல்லாம் எனக்குள் ஒரே தவிப்பு. பிதோர் தாண்டியதும் பொறுக்க முடியாமல், இது நேற்றுத்தான் வந்த புத்தகம் என்று சொல்லிவிடு, அக்காவுக்கு ஆங்கிலம் தெரியாது, தேதி தெரியப் போவதில்லை என்றேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

லயத்து வாசலில் நின்று எல்ஸி ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னாள். முடிந்ததும் டோரிஸ் பத்திரிகையை வாங்கிக்கொண்டாள். நாளை முதல் தோம்பைத் தூக்கப் போவதில்லை, இதைத் துரையின் மேசையில் வைத்துப் ரப்பர் பால்வெட்டுக்கு மாற்றச் சொல்லிக் கேட்கப் போகிறேன் என்றாள். எனக்கு அப்பாடா என்றிருந்தது. வேனை எடுக்கத் திரும்பினேன்.

"இது எப்ப வந்த புஸ்தகம்?" என்று டோரிஸ் கேட்டாள்.

எல்ஸி என்னைப் பார்க்கவில்லை. "பிப்ரவரிலக்கா. நாந்தான் மை போட்டு மூடினேன். எல்லாப் புஸ்தகத்துலயும்."

டோரிஸ் மனசுக்குள் மாதங்களைக் கணக்குப் பார்த்தாள். ஈஸ்டர் ஏப்ரலில். பிப்ரவரியில் அவளுக்குப் பத்து நகமும் இருந்தன. அவள் திட்டுவாள், அழுவாள் என்று நினைத்தேன். தங்கையின் வலது கையைப் பிடித்து விரல்களை விரித்தாள். பக்கத்தில் தன் கையையும் வைத்தாள். எல்ஸியின் நகங்கள் வழக்கம்போல் கறுத்திருந்தன. டோரிஸின் விரல் நுனிகள் வெறும் சிவந்த தோல்.

"கோயிலுக்குப் போறப்ப இனிமே மடக்கிக்கிட்டுப் போவாத," என்றாள். "ஒனக்குக் கறுப்பாவாச்சும் இருக்கு."