வெட்டிய கார்டு

கிள்ளானில் இருக்கிறோம். அடுத்த தீபாவளிக்குள் கிரெடிட் கார்டு கடனை அடைத்துவிட வேண்டுமென்று நானும் கணவரும் முடிவெடுத்தோம். சாமி படத்தின் முன்னால் நின்று, கார்டைக் கத்தரிக்கோலால் நானேதான் வெட்டினேன். அவர் மேருவில் உள்ள தொழிற்சாலையில் ஞாயிற்றுக்கிழமையும் ஓவர்டைம் செய்யத் தொடங்கினார்.

கார்டின் எண் என் கைப்பேசியில், பொருள் வாங்கும் செயலியில் பதிவாகியிருந்தது. அது எனக்குத் தெரியும். சின்னச் சின்னதாக வாங்கினேன். பார்சல் வீட்டுக்கு வந்தால் அவருக்குத் தெரிந்துவிடும் என்று பக்கத்து வீட்டு அக்காவின் முகவரியைக் கொடுத்திருந்தேன்.

ஒரு ஞாயிறு மாலை அக்கா வீடு பூட்டியிருந்தது. வழக்கமாக வரும் பார்சல்காரர் எனக்குப் போன் செய்தபோது நான் குளித்துக்கொண்டிருந்தேன். ஓவர்டைம் முடிந்து அப்போதுதான் வந்திருந்த கணவர் போனை எடுத்தார்.

“அண்ணே, பக்கத்து வீட்ல ஆள் இல்ல லா. பார்சல உங்ககிட்ட கொடுக்கவா?”

நான் வெளியே வந்தபோது மேசை மேல் பார்சல் பிரிந்து கிடந்தது. ஜன்னலுக்கு மாட்டும் லங்சீர், பூப்போட்ட திரைச்சீலை. யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் அவர் உட்கார்ந்திருந்தார்.

“அன்னிக்கு நீ வெட்டினது வெறும் பிளாஸ்டிக்தானா?”

அவ்வளவுதான் கேட்டார். திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது.

அவர் முன்னாலேயே கார்டு எண்ணை அழித்தேன். இப்போது எது வாங்குவதானாலும் அவரிடம் வாய்விட்டுச் சொல்கிறேன். சொல்லக் கூச்சமாக இருந்தால் வாங்குவதில்லை. அந்த லங்சீரை இன்னும் மாட்டவில்லை. கடன் தீரட்டும், அவரே மாட்டட்டும்.