தாம்பூலத் தட்டைத் தொடாத என் தம்பி

தம்பி போய் ஒரு வருஷம் நிறைந்த இன்று, அவன் வீட்டு முற்றத்தில் கூடியிருக்கும் உற்றார் உறவினர் எல்லோருக்கும் கூடப்பிறந்த அக்காள் கும்பிட்டுச் சொல்லிக்கொள்வது. எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்லத் தம்பியின் மூத்த மகள் எழுதுகிறாள். “அப்பாவ அவருன்னு எழுதட்டா அத்தை?” என்று கேட்டாள். “ஒனக்கு அவரு, எனக்கு அவன். இடுப்புல தூக்கிச் சுமந்தது நாந்தானே” என்றேன்.

தம்பி பிறந்தது வடசேரிக்குப் பக்கம், எங்கள் அம்மை வீட்டில். அவனுக்கு ஏழு வயதாகும்போது அப்பா காய்ச்சலில் போய்விட்டார். பள்ளிக்கூடத்துக்குப் போட அவனுக்கு ஒரே ஒரு சட்டைதான் இருந்தது. சனிக்கிழமை அதைத் துவைத்துக் காயப்போட்டால், என் பழைய சேலையைப் போர்த்திக்கொண்டு குளத்தங்கரையில் பாடம் சொல்லிக்கொண்டிருப்பான். பார்ப்பவர்கள் எனக்கு ஒரு தங்கச்சி இருப்பதாகவே நினைத்தார்கள்!

நாகர்கோவிலில் ஒரு ஆஸ்பத்திரியில் பாட்டில் கழுவப் போனவன், பூதக்கண்ணாடியில் ரத்தமும் சளியும் பார்த்து, நோய் இன்னதென்று டாக்டருக்குச் சொல்லும் வேலைக்கு உயர்ந்தான். ஒருநாள் என்னையும் பார்க்கச் சொன்னான். நீலத் தரையில் சிவப்பு நூலை நறுக்கிப் போட்டதுபோலத் துணுக்குத் துணுக்காகத் தெரிந்தது.

“இதாம் அக்கா சயரோகம்.”

“இம்புட்டுப் போல இருக்குறதுக்கா ஆளு சாகுது?”

“இம்புட்டுப் போல இருக்கப் போயிதான் யாரு கண்ணுலயும் படமாட்டேங்குது.”

வேலை விட்டு வந்தால் கிணற்றடியில் முழங்கை வரை சோப்புப் போட்டுத் தேய்ப்பான். நாலு பிள்ளைகளும் தூக்கச் சொல்லி வரிசையாக நிற்கும். “நாலு பிள்ளையளக் குளிப்பாட்டுற சோப்பு ஒங்க ரெண்டு கைக்கே போவுதே” என்று அவன் பெண்டாட்டி, என் மதினி, சடைப்பாள். கழுவி முடிக்காமல் ஒரு பிள்ளையையும் தொட்டதில்லை அவன்.

இனி, சொல்ல வந்ததைச் சொல்கிறேன். என் மகளுக்கு இராஜாக்கமங்கலம் பக்கத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. வயலும் தோப்பும் உள்ள வீடு, ஒரே பையன். எந்த வீடு என்று தெரிந்தவர்கள் இருப்பீர்கள், நான் பெயரைச் சொல்லமாட்டேன். நிச்சயத்துக்கு நாலு நாள் இருக்கும்போது தம்பி வந்தான்.

“அக்கா, இந்தச் சம்பந்தம் வேண்டாம்.”

“எதுக்குலே?”

“அதச் சொல்லப்பிடாது. வேண்டாம்னு வையி.”

“பையன் குடிப்பானா?”

“நல்ல பையன்தான்.”

“பின்ன என்னலே? ஒம்மவளுக்கு இப்படி ஒரு இடம் வராதுன்னு வயிறு எரியுதோ?”

என் வாயால்தான் சொன்னேன். அவன் எழுந்து போனான்.

எங்கள் பக்கத்தில் பெண்ணின் அம்மான், அதாவது தாய்மாமன், தாம்பூலத் தட்டை எடுத்து மாப்பிள்ளை வீட்டார் கையில் கொடுக்கவேண்டும். கொடுத்தால்தான் நிச்சயம். அன்றைக்குப் பந்தல் நிறைய ஆட்கள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, தம்பி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

“நான் தொடப்பிடாது. எனக்குச் சயரோகம். என் சளிய நானே பாத்தேன்.”

மாப்பிள்ளையின் பெரியப்பா துள்ளி எழுந்தார். “பெண்ணுக்க அம்மானுக்கா? நல்ல குடும்பம் பாத்தியடே! வண்டியப் பூட்டுங்க.” மாப்பிள்ளையின் அம்மா மட்டும் தம்பியையே பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு அவளும் போனாள். பாயசத்தை மாட்டுத் தொட்டியில் கொட்டினோம்.

“எம்மவ வாழ்க்கையில மண்ணள்ளிப் போட்டியே, இனி இந்தப் படி ஏறாத” என்றேன். அவன் ஏறவில்லை.

அதற்குப் பிறகு நாலு வருஷம். ஊரில் அவன் பிள்ளைகளுக்குச் தேங்காய்ச் சிரட்டையில்தான் தண்ணீர் கொடுத்தார்கள். கோயிலில் மதினி நின்றால் பக்கத்தில் ஆள் நிற்காது. மூத்தவளைப் பெண் பார்க்க வருகிறோம் என்ற இரண்டு வீட்டார் வரவில்லை. “இது வேண்டாம் அத்தை” என்கிறாள் எழுதுகிறவள். “எழுது மக்கா. வராதவனுவளும் படிக்கட்டும்.” நாலு வருஷமாக ஒரு இருமல்கூட இல்லாத மனுஷனைப் பார்த்து, எனக்கே ஒரு சந்தேகம் தட்டவில்லை. என் மகளை ஆரல்வாய்மொழியில் கட்டிக்கொடுத்தேன். தம்பியை அழைக்கவில்லை. கல்யாண வண்டி போகையில் சாலை முக்கில் தனியாக நின்று கையெடுத்துக் கும்பிட்டான். மகளுக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். சின்னவள் என் மூக்குத்தியைப் பிடித்தால் விடமாட்டாள், கள்ளி!

போன மாசியில் ஆஸ்பத்திரியில் சளி தடவிப் பார்க்கும் ஒரு கண்ணாடித் துண்டு உடைந்து தம்பியின் விரலில் கீறியது. மறுநாள் கை வீங்கிவிட்டது. மூன்றாம் நாள் தோள் வரை கறுத்தது. கையை எடுக்கவேண்டும் என்று டாக்டர் சொன்னபோது சரி என்று தலையாட்டினானாம். எடுக்கும் முன்பே நினைவு தப்பிவிட்டது. நான் போய்ச் சேர்ந்தபோது பேச்சு இல்லை. “ஏலே, அக்கா வந்திருக்கேன்” என்றேன். அவன் கண் என்மேல் நிற்கவில்லை.

அவன் போன பதினாறாம் நாள், தலையில் முக்காடு போட்ட ஒரு அம்மாள் வந்தாள். என் மகளுக்கு மாமியாராக இருந்திருக்க வேண்டியவள்.

“ஒங்க தம்பிக்கு ஒரு நோயும் கெடையாது. நோயி எம்பிள்ளைக்குத்தான். அவன் சளியப் பாத்ததே ஒங்க தம்பிதான். ‘வெளிய சொல்லமாட்டேன், டாக்டருக்குக் குடுத்த வாக்கு. ஆனா கல்யாணத்த நீங்களே நிறுத்திருங்கம்மா’ன்னு எங்கிட்டக் கெஞ்சினாரு. கல்யாணம் ஆனா சொகமாயிரும்னு நெனச்சு நான் கேக்கல. பிள்ள அடுத்த வருசமே போயிட்டான், வெறும் காய்ச்சல்னுதான் வெளிய சொன்னோம். அவன இருந்த வரைக்கும் ஒருத்தரும் ஒதுக்கல. ஒதுக்கினதெல்லாம் ஒங்க தம்பியத்தான். இத நீங்க ஊருக்குச் சொல்லணும்.”

மதினியிடம் கேட்டேன். “‘எனக்கு ஒண்ணும் இல்ல, காரணம் கேக்காத’ன்னாரு. நான் கேக்கல” என்றாள்.

தம்பி கிடந்த நாட்களில் பக்கத்திலேயே இருந்த டாக்டருக்கும், உடன் வேலை பார்த்தவர்களுக்கும், நோய்க்குப் பயப்படாமல் பாடை தூக்கிய நாலு பேருக்கும், பெற்ற பிள்ளையின் நோயைத் தன் வாயால் சொன்ன அந்த அம்மாளுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

இன்றைய சாப்பாடு முழுவதும் தம்பி வீட்டு அடுப்பில் மதினி கையால் ஆக்கியது. இந்த வீட்டில் கை நனைக்க மாட்டேன் என்றவர்கள் பாதிப் பேர் இங்கே இருக்கிறீர்கள். அதில் முதல் ஆள் நான். முதல் பந்தியில் முதல் இலையில் நான் உட்காருகிறேன். பக்கத்து இலைகளில் வந்து உட்காருங்கள்.