மேல் டிவிஷனின் பதினான்காம் கதவு

காலை ஆறு இருபது. என் வீட்டுக் கதவைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது முதுகில் கொழுந்துக் கூடையோடு நின்ற ஒரு பெண். தலையில் கட்டியிருந்த துண்டு பனியில் நனைந்திருந்தது. எண்பதாம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் கடைசி நாள் அது. தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியராக இருந்த என்னை மேல் டிவிஷனுக்குக் கணக்கெடுக்கப் போட்டிருந்தார்கள்.

"சார், எங்க லயத்துல பதிமூணு கதவுல நீங்க கணக்கெடுத்துப் போட்ட சாக்பீஸ் நம்பர் இருக்கு. கடைசி வீடு எங்களுது. அதுல மட்டும் ஒண்ணுமில்ல."

"கீழ் டிவிஷன்னு நீங்கதானே அக்கா சொன்னீங்க?"

"ஆமா, கீழ் டிவிஷன்தான். அதுக்காக எழுதாம விட்ருவீங்களா?"

அவர் சொன்னது பொய்யில்லை. காலையில் எந்தப் பெரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடும்போது 'இருக்கேன்' என்கிறோமோ, அதுதான் தோட்டத்தில் நம் டிவிஷன். எங்கே தூங்குகிறோம் என்பதை யாரும் கேட்பதில்லை. கீழே கூரை விழுந்து, இந்தக் குடும்பத்தை மேலே இருந்த லயத்தின், அந்த வரிசை வீடுகளின், கடைசி வீட்டுக்கு மாற்றி இரண்டு வருடம் ஆகியிருந்தது. பெரட்டு மட்டும் மாறவில்லை. இதெல்லாம் எனக்குத் தெரிந்த விஷயம்தான். தெரிந்தும் கணக்கெடுக்கப் போன அன்று அவர் வாசலில் நின்று "எந்த டிவிஷன்?" என்று கேட்டேன். வந்த பதிலைப் பதிவேட்டில் பேனாவால் எழுதிவிட்டு நடந்துவிட்டேன்.

வரைபடத்தைப் பார்த்திருக்கலாமே என்று கேட்கலாம். எனக்குக் கொடுத்தது முந்தைய கணக்கெடுப்பு வரைபடத்தின் மங்கலான நகல். அந்த வரைபடமும் அதற்கு முந்தைய ஒன்றைப் பார்த்து வரைந்தது. ஓடையை ஒட்டி ஒரு சிவப்புக் கோடு. இந்தப் பக்கம் என் கணக்கெடுப்புத் தொகுதி, அந்தப் பக்கம் கீழ்த் தொகுதி. பட்டணத்தில் தெருவை வைத்துத் தொகுதி பிரிப்பார்கள், தெரு ஓரிடத்தில் கிடக்கும். எங்கள் ஓடை, ரோட்டை அகலப்படுத்தியபோது முப்பது அடி தள்ளிப் போயிருந்தது. இடித்துத் தள்ளிய லயம் ஒன்று படத்தில் கறுப்புக் கட்டமாக இருந்தது. ஆட்கள் குடியிருந்த இந்த லயம் படத்திலேயே இல்லை.

அவருடைய வீட்டுக்காரருக்குச் சிவப்பு அடையாளக் கார்டு. பிறந்தது இந்தத் தோட்டத்தில்தான் என்றாலும் இன்னும் குடியுரிமையும் அதற்கான நீலக் கார்டும் கிடைக்கவில்லை. "இவரு இங்கேயே இருந்தாருன்னு என்ன சாட்சின்னு கார்டு ஆபீஸ்ல கேக்குறான் சார். போன கணக்குலயும் எங்கள விட்டுட்டாங்க."

"இதுல எழுதினாலும் நீலக் கார்டு கிடைக்காது அக்கா. இது சும்மா தலையை எண்ணுறதுக்கு."

"தெரியும் சார். எண்ணும்போது எங்க தலை மட்டும் என்ன முட்டைக்கோசா?"

பெரட்டுக்கு நேரமாகிவிட்டது என்று கூடையோடு ஓடினார். இன்றைக்குள் எழுதிவிடுவதாக அவர் முதுகைப் பார்த்துச் சொன்னேன்.

எட்டு மணிக்கு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு ரிங்லெட் டவுனுக்குப் போனேன். கீழ்த் தொகுதிக்குக் கணக்கெடுத்தவன் அங்கே ஒரு மளிகைக் கடையில் வேலை செய்த இளைஞன். தன் நகலைக் கல்லாவின் மேல் விரித்தான்.

"நல்லா பாருங்க சார். ஓடையோட என் வேலை முடிஞ்சுது. உங்க லயமும் இதுல இல்ல, உங்க நாயும் இதுல இல்ல. நான் அங்க வந்து கடி வாங்கினா யார் கணக்குல எழுதுறது?"

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரிக்க வேண்டியிருந்தது.

பதினொன்றுக்கு, இன்னும் மேலே தானா ராத்தா டவுனில், கணக்கெடுப்பு மேற்பார்வையாளர் முன்னால் உட்கார்ந்திருந்தேன். மலாய்க்காரர், அதிர்ந்து பேசாதவர், ஆசிரியர்களை 'சிக்கு' என்றுதான் அழைப்பார். என் பதிவேட்டைத் திருப்பி ஒரு வரியில் விரலை வைத்தார்.

"சிக்கு, இது உங்கள் கையெழுத்துதானே? கீழ் டிவிஷன் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்."

அந்த வீடும் பக்கத்து வீடும் ஒரே சுவர், ஒரே கூரை என்றேன். அவர் வரைபடத்தைப் பார்த்தார். சுவரும் கூரையும் அதில் இல்லை. கடைசியில் ஒரு வெற்றுப் படிவத்தை எடுத்துக் கொடுத்தார். குடும்பத்தை எழுதிக்கொள்ளலாம், ஆனால் எந்தத் தொகுதி என்று முடிவு செய்து இரண்டு கணக்கெடுப்பாளர்களும் கையொப்பமிட வேண்டும். முதலில் அந்தக் கீழ்த் தொகுதி இளைஞனின் கையொப்பத்தை வாங்கி வாருங்கள் என்றார். படிவங்களை ஏற்றிய லாரி மூன்று மணிக்கு மலை இறங்கும்.

திரும்பவும் ரிங்லெட். அவன் சரக்கு எடுக்கப் பன்னிரண்டு மணி பஸ்ஸில் மலையடியிலிருக்கும் தாப்பாவுக்குப் போய்விட்டான். கடை வாசலில் இரண்டரை வரை நின்றேன். தாப்பாவிலிருந்து ஏறி வந்த பஸ் ஒவ்வொன்றையும் நிறுத்திப் பார்த்தேன். பிறகு தனியாகத் தானா ராத்தாவுக்கு ஏறினேன். வளைவுகளில் காய்கறி லாரிகள் முன்னால் போக விடவில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது மூன்று இருபது. மேற்பார்வையாளர் அறையைப் பூட்டிக்கொண்டிருந்தார். லாரி சரியான நேரத்துக்குப் புறப்பட்டுவிட்டதாம்.

"அடுத்த முறைக்கு வரைபடத்தைத் திருத்தச் சொல்லி எழுதுகிறேன், சிக்கு."

அடுத்த முறை என்பது பத்து வருடம்.

ஐந்து மணிக்கு அந்த வீட்டுக்குப் போனேன். லாரி போய்விட்டதைச் சொல்லிவிட்டு வருவதாகத்தான் கிளம்பினேன். முன்னறையில் குடும்பத்தின் ஏழு பேரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பிள்ளைகளுக்குத் தலை வாரி விட்டிருந்தது. வீட்டுக்காரர் முகச்சவரம் செய்து, சிவப்புக் கார்டைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார்.

"சார் வந்துட்டாரு லா! நான் சொன்னேன்ல?" என்றார் அந்த அக்கா. "இவரு மத்தியானமே வேலைய விட்டு வந்து உக்காந்துட்டாரு. கங்காணி அர பேருதான், பாதி நாள் கூலிதான் போட்டுருக்கான்."

நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். பையிலிருந்த படிவத்தை எடுத்தேன். பெயர், வயது, பிறந்த இடம் என்று கேட்டேன். வீட்டுக்காரர் தான் பிறந்த இடத்தை இரண்டு தடவை சொன்னார், நான் சரியாக எழுதுகிறேனா என்று எட்டிப் பார்த்தார். ஏழு வரிகளும் நிரம்பின. தொகுதி எண்ணுக்கான கட்டத்தில் நான் எதுவும் எழுதவில்லை.