டீச்சர் மெயினை அணைத்திருந்தார்

முதலாளி, லைன்மேன் காளியப்பனுக்கு இரண்டு விரல் போனதற்குக் காரணம் நீங்கள். ரோஸ்மேரி டீச்சர் இல்லை. காளியப்பனும் இல்லை. நீங்கள்தான். உங்கள் பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு நின்றவன் நான்.

நம் எலக்ட்ரீஷியன் சங்க மலருக்குச் சின்ன ஜெனரேட்டர் பற்றி எழுதச் சொன்னார்கள். எப்படி வாங்குவது, எப்படி ஓட்டுவது, எப்படிப் பராமரிப்பது என்று புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர்களுக்குச் சொல்ல வேண்டுமாம். சொல்கிறேன். ஆனால் தெரிந்ததை எல்லாம் சொல்வேன். திண்டுக்கல்லில் கையில் தூக்கிப் போகிற மாதிரி சின்ன ஜெனரேட்டர் செட்டு விற்ற கடையில் எட்டு வருஷம் மெக்கானிக்காக இருந்தேன். கடையின் பெயரை எழுதவில்லை. முதலாளி இந்த மலரைப் படிப்பார். அவருக்குத் தெரியும்.

1. வாங்குவது

வீட்டில் என்னென்ன ஓட வேண்டும் என்று கேட்காமல் செட்டு விற்கிறவன் வியாபாரி இல்லை. பல்பு, டியூப் லைட், ஃபேன் எல்லாம் சாதுவான லோடு. மோட்டார் அப்படி இல்லை. ஓடும்போது இழுக்கிற கரண்டைப் போல மூன்று நான்கு மடங்கு ஸ்டார்ட் ஆகும்போது இழுக்கும்.

ஆயக்குடியில் கொய்யாத் தோப்பு வைத்திருந்த ஒருவர் வந்து, தண்ணீர் மோட்டார் ஓடுமா என்று கேட்டார். முதலாளி கண்ணாடியைக்கூடக் கழற்றவில்லை.

"அதெல்லாம் சும்மா தூக்கும்."

மறுநாளே அவர் பஸ்ஸில் செட்டை ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார்.

"ஏனுங்க, மோட்டார் சுவிட்சைப் போட்டா உங்க பொட்டி மூச்சை நிறுத்திக்குதுங்க. தூக்குமுன்னீங்க. இப்ப நானல்ல தூக்கிட்டு அலையறேன்?"

கடையில் எல்லாரும் சிரித்தோம். முதலாளி சிரிக்கவில்லை. "மோட்டார்ல கோளாறு" என்று சொல்லி அனுப்பிவிட்டார். பழியை அடுத்தவன் பொருள்மீது போடுவது அவருக்கு அன்றைக்கே கைவந்த வேலை.

2. ஓட்டுவது

அப்போது நாங்கள் விற்ற செட்டு பெட்ரோலில் ஸ்டார்ட் ஆகி, சீமெண்ணெயில் ஓடும். என்ஜின் சூடான பிறகுதான் எண்ணெய் வால்வைத் திருப்பிச் சீமெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். நிறுத்தும் முன் மறுபடி பெட்ரோலுக்கு மாற்றிச் செத்த நேரம் ஓடவிட வேண்டும். இல்லாவிட்டால் கார்பரேட்டரில் சீமெண்ணெய் நிற்கும். அடுத்த முறை தோள்பட்டை கழன்று விழுகிற மாதிரி கயிற்றை இழுத்தாலும் ஸ்டார்ட் ஆகாது. பெட்ரோலை மிச்சம் பிடிக்கிறேன் என்று நூற்றுக்குத் தொண்ணூறு பேர் இதைச் செய்ய மாட்டார்கள். பிறகு நம்மைத் திட்டுவார்கள்.

ஒழுங்காகச் செய்த ஒரே ஆள் ரோஸ்மேரி டீச்சர். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே கணக்கு சொல்லிக் கொடுப்பார். பரீட்சை சமயத்தில் கரண்ட் போய்ப் போய் வந்ததால் செட்டு வாங்கினார். நான் வாயால் சொன்னதை ஐந்து வரியாக ஒரு அட்டையில் எழுதி, மெயின் சுவிட்சுக்குப் பக்கத்தில் ஆணி அடித்து மாட்டினார். முதல் வரி: "மெயினை அணை."

ஆயில் அளவு பார்ப்பார். ஸ்பார்க் பிளக்கில் கரி பிடித்தால் கழற்றித் தேய்ப்பார். செட்டைக் கொல்லையில் திறந்த இடத்தில்தான் வைப்பார். ஓடும் செட்டில் எண்ணெய் ஊற்ற மாட்டார். இவ்வளவும் ஒரு கணக்கு டீச்சர். வயர்மேன் லைசென்ஸ் வைத்திருக்கிற நம்மில் எத்தனை பேர் செய்கிறோம்?

3. ரெட்டைத்தலை வயர்

செட்டு கரண்டை வீட்டு ஒயரிங்கோடு சேர்க்க சேஞ்ச் ஓவர் சுவிட்ச் போட வேண்டும். கைப்பிடி ஒரு பக்கம் இருந்தால் தெருக் கம்பத்திலிருந்து வரும் போஸ்ட் கரண்ட், மறு பக்கம் இருந்தால் செட்டு கரண்ட். இரண்டும் ஒன்றோடு ஒன்று சேரவே வழி இல்லை.

முதலாளி அதைப் போட விடமாட்டார். அதைச் சொன்னால் வாங்க வந்தவர் யோசிப்பார், யோசித்தால் போய்விடுவார் என்பது அவர் கணக்கு. அதற்குப் பதில் இரண்டு முனையிலும் ஆண் பிளக் வைத்த ஒரு வயரைக் கொடுப்போம். ஒரு தலை செட்டில், மறு தலை வீட்டுச் சுவரில். ரெட்டைத்தலை வயர் என்று நாங்களே பெயர் வைத்திருந்தோம். மெயினை அணைத்துவிட்டுச் சொருக வேண்டும். அணைக்காவிட்டால் செட்டு கரண்ட் வீட்டைத் தாண்டி சர்வீஸ் வயர் வழியாகப் போஸ்ட்டுக்கு ஏறிவிடும். அந்த வயர்களை எல்லாம் முறுக்கிக் கொடுத்தது என் கைதான்.

டீச்சர் வீட்டில் செட்டு வைக்கப் போன அன்று மெயினைப் பார்த்தேன். பழைய இரும்புப் பெட்டி. துருப்பிடித்திருந்தது. கைப்பிடி தொளதொளவென்று ஆடியது. கடைக்கு வந்து சொன்னேன்.

"ஏலே சவரி, நீ செட்டு மெக்கானிக்கா, வீட்டுக்கு வீடு மெயின் பாக்குற ஆபீசரா? வயரைக் கொடுத்தியா, வந்தியான்னு இரு" என்றார்.

இருந்துவிட்டேன்.

4. ஞாயிற்றுக்கிழமை

அன்று டீச்சர் வீட்டுக்கு மட்டும் கரண்ட் இல்லை. போஸ்ட்டில் சர்வீஸ் வயர் சேரும் இடம் கருகி விட்டுப் போயிருந்தது. பிள்ளைகள் வந்துவிட்டதால் டீச்சர் செட்டைப் போட்டார். பத்து மணிக்குக் காளியப்பன் வந்தான். செட்டுச் சத்தம் கேட்டு ஜன்னலில் குனிந்தான்.

"டீச்சரம்மா, செட்டு ஓடுதே. மெயின் ஆப்தானே?"

"ஆப் பண்ணித்தான் இருக்கேன் தம்பி. நீங்களே பாத்துக்கங்க."

பார்த்தான். கைப்பிடி கீழே, ஆப்பில் இருந்தது. டிரான்ஸ்பார்மரில் பியூஸ் கட்டையைப் பிடுங்கிவிட்டுப் போஸ்ட்டில் ஏறினான். லைன் பக்கம் டெஸ்ட் பண்ணினான். கரண்ட் இல்லை. வீட்டிலிருந்து வந்து தொங்கிய வயரைப் பிடித்தான்.

ஷாக் அடித்து இரண்டு விரல் கருகி, அவன் விழுந்தது மணல் குவியல்மேல். அதனால் உயிர் பிழைத்தான்.

செட்டையும் வயரையும் எடுத்துவர மத்தியானம் முதலாளி என்னை அனுப்பினார். நான் மெயின் பெட்டியைத் திறந்தேன். கைப்பிடி கீழே இருக்கிறது. உள்ளே கரண்டைச் சேர்த்துப் பிரிக்கிற இரண்டு கத்தியில் ஒன்று இறங்கியிருக்கிறது. கரண்ட் வருகிற பேஸ் பக்கத்துக் கத்தி கட்டை உடைந்து, அசையாமல் மேலேயே கவ்விக்கொண்டு நிற்கிறது. வெளியிலிருந்து பார்க்கிற யாருக்கும் தெரியாது.

ஓடிவந்து முதலாளியிடம் சொன்னேன். அவர் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. மெயின் கெட்டிருந்தது தெரிந்தால் பழி வயர் கொடுத்த கடைமேல் வரும். கடையிலிருந்து புது மெயின் எடுத்துக் கொடுத்தார்.

"இத மாட்டிட்டு, பழச எங்கிட்ட கொண்டா. டீச்சர்ட்ட, கடை சார்பா இனாம்னு சொல்லு."

மாட்டினேன். டீச்சர் அழுதுகொண்டே எனக்கு நன்றி சொன்னார். பழையதை முதலாளி மேஜைமேல் வைத்தேன். விசாரணைக்கு அதிகாரி வந்த அன்று எனக்கு வத்தலக்குண்டில் சர்வீஸ் வேலை போட்டார். போனேன். மெயினை அணைக்க வீட்டுக்காரர் மறந்துவிட்டார், லைன்மேன் கவனிக்கவில்லை என்று எழுதி முடித்தார்கள். ரெட்டைத்தலை வயரா, எங்கள் கடையில் அப்படி ஒன்று கொடுப்பதே இல்லை என்று முதலாளி சொல்லியிருக்கிறார்.

டீச்சர் டியூஷனை நிறுத்திவிட்டார். ஆறு வருஷம் ஆகிவிட்டது. போன மாதம் மாதா கோயில் வாசலில் பார்த்தேன்.

"அணைச்ச மாதிரிதான் தம்பி ஞாபகம். ஆனா மறந்திருக்கேன்ல. தவக்காலம் வந்தா ஒவ்வொரு வருஷமும் சாமியார்ட்ட இதத்தான் சொல்றேன்."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். "இத அன்னிக்கே சொல்ல ஒங்களுக்கு வாய் இல்லையா?" என்று மட்டும் டீச்சர் கேட்டார்.

காளியப்பனிடமும் போனேன். போஸ்ட் ஏற முடியாமல் ஆபீசில் பைல் தூக்குகிறான்.

"விரலை விடு அப்பு, அது போயிருச்சு. சர்வீஸ் புக்குல கவனக்குறைவுன்னு எழுதியிருக்கான். எம் மகன் அதப் படிச்சிட்டான். அதுக்கு என்ன பண்ணப் போற?"

இதைத்தான் பண்ணுகிறேன்.

புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர்களே, சேஞ்ச் ஓவர் இல்லாமல் செட்டைச் சேர்க்கச் சொன்னால் முடியாது என்று சொல்லுங்கள். கைப்பிடியை நம்பாதீர்கள், பெட்டியைத் திறந்து கத்தியைப் பாருங்கள். போஸ்ட்டில் ஏறினால் வீட்டுப் பக்கத்து வயரையும் டெஸ்ட் பண்ணுங்கள். தப்பைப் பார்த்தால் அன்றைக்கே சொல்லுங்கள். என்னைப் போல ஆறு வருஷம் கழித்து அல்ல.

முதலாளி, வருகிற சங்கக் கூட்டத்துக்கு டீச்சரும் காளியப்பனும் வருகிறார்கள். நான் செய்ததை முதலில் நானே மைக்கில் சொல்லிவிடுகிறேன். எனக்கு என்ன வந்தாலும் வரட்டும். அதற்குப் பிறகு நீங்கள் எழுந்து நின்று, அவர்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொல்லுங்கள்: அந்தப் பழைய மெயினை என்ன செய்தீர்கள்?