நீச்சல் தொட்டிக்கு நிறம் போதவில்லையாம்

தென்னூரில் எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு சிறிய நீச்சல் தொட்டி இருக்கிறது. இத்தனை நாளும் அதில் கிருமியைக் கொல்ல பெர்மாங்கனேட் போட்டு வந்தோம். தண்ணீர் ரோஜா நிறமாகி, பிறகு பழுப்பாகி, சுவரெல்லாம் கறை பிடித்தது.

முனிசிபாலிட்டி சுகாதார அதிகாரி சொன்னதால், போன வாரம் தொட்டியைக் காலி செய்து குளோரினுக்கு, அதாவது பிளீச்சிங் பவுடருக்கு, மாறினோம். தண்ணீர் கண்ணாடியாக இருந்தது.

பக்கத்து வீட்டு ஸ்டெல்லாவின் மூன்று பிள்ளைகளும் தினமும் இங்கேதான் நீந்துகிறார்கள். அவள் நேற்றே கேட்டாள்: "கலரே இல்லையேக்கா, மருந்து போட்டீங்களா?"

போட்டதைப் பொறுமையாக விளக்கினேன்.

இன்று காலை பூசைக்குப் போய்விட்டுத் திரும்பினால், தொட்டி முழுக்கக் கத்தரிப்பூ நிறம்! ஓரத்தில் ஸ்டெல்லா காலிப் பொட்டலத்துடன் நிற்கிறாள்.

"பிள்ளைங்க குளிக்கிற தண்ணியாச்சே. அதான் நானே பழைய மருந்தை வாங்கிட்டு வந்து போட்டுட்டேன். இப்பத்தான் பாக்கவே நல்லா இருக்கு."

"யாரைக் கேட்டுப் போட்டே?" என்று கத்திவிட்டேன்.

"நல்லதுக்குத்தானே செஞ்சேன்" என்று முகத்தைத் தூக்கிக்கொண்டு போனாள்.

தண்ணீரை வெளியேற்ற மத்தியானம் வரை மோட்டார் ஓடியது. தரையைத் தேய்த்து என் விரல்கள் பழுப்பாகிவிட்டன.

சாயங்காலம் மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வருகிறது: "அக்கா, தண்ணி எப்ப ரொம்பும்? பிள்ளைங்க துண்டோட நிக்கிறாங்க."

நான் உள்ளே வந்துவிட்டேன். என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள்.