இடது முன்கதவில் மட்டும்

காலை ஆறு நாற்பதுக்கு ஏரியில் என் கொழுந்தனின் படகு இன்ஜின் நின்றது. உடனே என் மகள் அவருடைய பட்டன் போனிலிருந்து என்னை அழைத்தாள்.

"அம்மா, இன்ஜின் ஆஃப் ஆயிடுச்சு. ஒரே பனி. கரை எந்தப் பக்கம்னே தெரியல."

கல்லூரி விடுமுறைக்கு வந்தவள், சித்தப்பா நண்டு வலை எடுப்பதைப் பார்க்கப் போயிருந்தாள். தண்ணீரில் விழுந்துவிடும் என்று தன் போனை வீட்டிலேயே வைத்துவிட்டாள்.

எதற்கெடுத்தாலும் பதறுகிறவள் என்று வீட்டில் எனக்குப் பெயர். அன்று பதறியதில் தவறே இல்லை. அது ஏரித் தண்ணீர் முகத்துவாரம் வழியாகக் கடலுக்கு வடிகிற நேரம். அங்கே அலை உடையும். இன்ஜின் இல்லாத படகு அதில் மாட்டினால் கவிழும். கழி ஊன்றித் தள்ளிக்கொண்டு வர ஆழம் சரிதான்; எந்தத் திசையில் தள்ளுவது?

காரை எடுத்துக்கொண்டு ஐஸ் கம்பெனிக்குப் பக்கத்தில் கரையோரம் நிறுத்தினேன். இடது பக்கம் ஏரி. முதலில் ஹாரன் அடித்தேன். பனியில் பக்கத்து ஏரிப் பாலத்தின் மேல் வந்த எல்லா வண்டிகளும் ஹாரன் அடித்துக்கொண்டுதான் வந்தன. அதில் என்னுடையது எது என்று அவளுக்கு எப்படித் தெரியும்? நான்கு கதவுகளையும் திறந்து, என் போனிலிருந்து அவளுக்குப் பிடித்த பாட்டைக் கார் ஸ்டீரியோவில் முழுச் சத்தத்தில் ஓடவிட்டேன்.

மீன் காயவைக்க வந்த பக்கத்து வீட்டு அக்கா கூடையை இறக்கினாள். "இன்னா டீச்சரே, காலங்காத்தால கச்சேரியா? மீனு கரைக்கு வந்து ஆடப்போவுதா?"

நான் பதில் சொல்வதற்குள் பாட்டு நின்றது. போன் அழைப்பு வந்தால் அந்த ஸ்டீரியோ பாட்டை நிறுத்திவிடும். பச்சைப் பொத்தானைத் தொட்டதும் மகளின் குரல் கார் ஸ்பீக்கரில் வந்தது.

"பாட்டு கேக்குதும்மா. ஆனா நாலா பக்கமும் கேக்குது. சித்தப்பா ஒரு பக்கம் தள்றாரு, அப்புறம் வேற பக்கம் கேக்குது."

அவள் குரலுக்குப் பின்னால் அலைச் சத்தமும் கேட்டது. அக்கா கேலியை விட்டுவிட்டாள். "ஐயோ, முகத்துவாரத்தாண்ட கீறாங்க" என்றாள்.

"தள்ளாம நில்லுங்க. இப்ப பாட்டு வரும், அந்தப் பக்கமே வாங்க" என்று சொல்லி அழைப்பைத் துண்டித்தேன். எது தவறு என்று எனக்குப் புரிந்துவிட்டது. போன மாதம் மகள்தான் ஸ்டீரியோவில் சரவுண்ட் என்பதைப் போட்டு, "இப்பதாம்மா தியேட்டர் மாதிரி கீது" என்றாள். பாட்டு எங்கிருந்து வருகிறது என்று தெரியக் கூடாது. அதுதான் அதன் வேலை. போதாததற்கு, திறந்து கிடந்த வலது கதவுகளின் சத்தம் ஐஸ் கம்பெனிச் சுவரில் மோதித் திரும்பிக்கொண்டிருந்தது.

ஸ்டீரியோவின் தொடுதிரை எனக்கு நன்றாகத் தெரியும். பின் சீட்டில் அவள் தூங்கும்போதெல்லாம் சத்தத்தை முன்பக்கம் தள்ளிவைப்பது நான்தான். சரவுண்டை அணைத்தேன். திரையில் ஒரு கார் படமும் அதன் நடுவில் ஒரு புள்ளியும் இருக்கும். அந்தப் புள்ளியை இடது முன் மூலைக்கு இழுத்தேன். எப்படியும் முழுச் சத்தத்தில் இந்த ஸ்டீரியோ தானாகவே பேஸ் என்கிற அடித்தொனியைக் குறைத்துவிடும், ஸ்பீக்கர் கிழியாமலிருக்க. மிச்சமிருந்ததையும் குறைத்து, பாடுகிற குரல் மட்டும் எடுப்பாகக் கேட்கும்படி மிட் என்கிற நடுத்தொனியை ஏற்றினேன். மற்ற மூன்று கதவுகளையும் சாத்தினேன்.

பாட்டு ஒற்றைக் கதவிலிருந்து ஏரியைப் பார்த்துப் போனது. அரை நிமிடம்கூட ஆகவில்லை, மறுபடி நின்றது. அவள்தான். நான் சிவப்புப் பொத்தானைத் தொட்டேன். பாட்டு தொடர்ந்தது. மறுபடி அழைத்தாள். மறுபடி சிவப்பு.

"எடு டீச்சரே! புள்ள பயந்துக்கினு கீது!"

"எடுத்தா பாட்டு நிக்கும்கா. பாட்டு நின்னா எப்படி வருவாங்க?"

"உன் கொழுந்தனுக்கு நான் அடிச்சிச் சொல்றேன் இரு." தன் போனைக் காதில் வைத்துக் காத்திருந்தாள். "பிஸின்னு வருது."

பிஸியாகத்தான் இருக்கும். மகள் என்னையே திரும்பத் திரும்ப அழைத்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு முறையும் அவள் குரல் என் விரலுக்குக் கீழே இருந்தது. நான் செய்தது சரி என்பதில் எனக்கு அன்றும் சந்தேகமில்லை, இன்றும் இல்லை. ஆனாலும் இப்போதெல்லாம் காரில் போன் அடித்தால் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுத்தான் எடுக்கிறேன்.

பிறகு அழைப்பு வரவில்லை. பாட்டு முடிந்து முதலிலிருந்து ஓடியது. அக்கா தண்ணீரில் முழங்கால் வரை இறங்கி நின்று, கையை உயர்த்தி என்னைப் பேசாமலிருக்கச் சொன்னாள். கழி படகில் இடிக்கிற சத்தம். பனிக்குள்ளிருந்து படகின் மூக்கு வந்தது, நேராகக் காரைப் பார்த்து.

கொழுந்தன் குதித்துப் படகை இழுத்தார். மகள் இறங்கி, என்னைத் தாண்டிப் போய், காருக்குள் கைவிட்டுப் பாட்டை நிறுத்தினாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"நான் போன் பண்ணும்போதெல்லாம் ஏம்மா கட் பண்ண?"